இரண்டு வாத்துக் குஞ்சுகள்

சிலிம் ரிவர்,
14 நவம்பர் 1926

சௌபாக்கியவதி நல்லம்மாளுக்கு உன் புருஷன் உடையப்பன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் சுகம் என்று தொடங்குவது வழக்கம். அதை எழுதிவிட்டதாக வைத்துக்கொள். இதை உனக்கு வாசித்துக் காட்டப்போவது உன் அண்ணன் அர்ச்சுனன். என் கடிதங்களைத் தைப்பிங் முழுக்கக் கேட்கும்படி வாசிப்பவர். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையும் ஒரு வேலையா என்று நம் கலியாணப் பந்தலில் அவர் கேட்டதைப் பதினெட்டு வருடமாக நான் மறக்கவில்லை. அதையும் சேர்த்தே வாசிக்கட்டும்.

பெரிய கிராணி வேலையைத் துரை என்னைவிட ஏழு வயது இளையவனுக்குக் கொடுத்துவிட்டார். அவன் எழுதுவதில் பிழை திருத்துவது இப்போது என் வேலை.

மழை பிடித்துவிட்டது. நீ விட்டுப்போன டப்பாவிலிருந்த கீரை விதையைத் தூவினேன். முளைத்ததுமே ஓடில்லாத நத்தைகள் வந்துவிட்டன. விடிந்து பார்த்தால் ஒரு வரிசை வெறும் காம்பாக நின்றது.

இந்தத் தடவை லாலாங் மருந்துத் தகரத்தை நான் தொடவில்லை. உன் அண்ணனுக்கு அது என்னவென்று தெரியாது. ரப்பர் மரங்களுக்கிடையே லாலாங் புல்லைச் சாகடிக்கத் தெளிக்கும் நஞ்சு. தெளித்த இடத்தில் மாடுகளை விடாதீர்கள் என்று தமிழில் எழுதி, காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் எல்லோருக்கும் வாசித்தவன் நானே. வாசித்த கையோடு, வைகாசியில் அரை டம்ளர் வீட்டுக்குக் கொண்டுவந்து தவிட்டில் பிசைந்து உன் பாத்தியில் வைத்தவனும் நானே. நத்தைகள் செத்தன. அவற்றைத் தின்ற செண்பகப் பறவையும் வேலியோரம் செத்துக் கிடந்தது. அதன் குரல் கேட்டுத்தான் நீ அடுப்பு மூட்டுவாய். ஒரு பறவைக்கு இத்தனை அழுகையா என்று கேட்டேன். மறுநாள் நீ அண்ணன் வீட்டுக்கு ரயில் ஏறினாய்.

அந்த மண்ணை வெட்டிக் குழியில் புதைத்துவிட்டேன். இது புதுமண்.

இம்முறை, நடந்ததைச் சொல்லி, புல்வெட்டும் இருளாயியிடம் யோசனை கேட்டேன். “ஏங்க கிராணியாரே, பெரட்டுல வாசிக்கிறதெல்லாம் எங்களுக்கு மட்டுந்தானா? ஒங்களுக்குக் கெடையாதா?” என்று பெரட்டில் நின்ற அத்தனை பேர் எதிரிலும் கேட்டாள். சிரித்து முடித்த பிறகுதான் வழி சொன்னாள். சாயங்காலம் பாத்தியோரம் பப்பாளித் தோலைப் போட்டு நனைந்த சாக்கால் மூட வேண்டும். காலையில் புரட்டினால் எல்லாம் அங்கே ஒட்டிக்கிடக்கும். பொறுக்கி அவள் வாத்துகளுக்குப் போட வேண்டும். சாம்பலும் தூவிப் பார்த்தேன், மழை கரைத்துவிட்டது. சாக்குதான் உதவுகிறது. தினமும் பெரட்டுக்கு முன் குனிந்து பொறுக்குகிறேன். விரலில் ஒட்டும் பிசின் சோப்புக்கும் போவதில்லை.

கீரை தழைத்துவிட்டது. ஒருவனுக்கு எவ்வளவு வேண்டும்? பாதி முற்றிப் பூத்துவிட்டது.

ஜோடியில் மிஞ்சிய செண்பகம் இன்னும் வருகிறது. நான் சற்றுத் தள்ளி நின்றதும் இறங்கி, விட்டுப்போன நத்தைகளைத் தின்னும். அது தின்று பறக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டுப் போவதில்லை. இதுவரை அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இருளாயி தன் வாத்துகளை இரவல் தரமாட்டாள். நமக்கென்று இரண்டு குஞ்சுகள் வேண்டும். தைப்பிங் சந்தையில் நல்லதாகக் கிடைக்கும். கூடையில் போட்டுத் தனியே அனுப்பினால் ஈப்போ வருவதற்குள் செத்துவிடும். யாராவது மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்டேஷனில்தான் இருப்பேன்.

அம்மன் உன்னைக் காக்கட்டும்.

உடையப்பன்

அர்ச்சுனன் மச்சானுக்கு: மற்றதை எப்போதும்போல உரக்க வாசியுங்கள். வாத்துக் குஞ்சுப் பத்தியை மட்டும் அவளுக்கு மெதுவாக வாசியுங்கள்.