இரண்டு துண்டான தவேயுனி

வைசாகே,

மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருக்கிறேன், மீன் சட்டியில் இருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

நாம் இருவரும் விண்ணப்பித்த வரைபட அலுவலக இன்டர்ன்ஷிப் எனக்குக் கிடைத்துவிட்டது, இன்று சேர்கிறேன். நேர்காணலுக்குப் போனபோது நீ விண்ணப்பத்தோடு அனுப்பிய உலக வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். உலகப்படம் முடிகிற நூற்றெண்பதாவது தீர்க்கரேகை நம் தவேயுனித் தீவின் நடுவே போவதை மறந்துவிட்டாய். பாதித் தீவு தாளின் வலது ஓரத்தில் கிடக்கிறது, மீதி இடது ஓரத்தில். "சொந்த ஊரையே ரெண்டா வெட்டிட்டானே" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"உனக்கெதுக்கு மேப்பு, நீ பாய் முடையத்தான் லாயக்கு" என்றாயே. நான் முடைந்த பாய் மூலையில் இருக்கிறது, விரித்துப் படு.

மெரேயோனி

பி.கு: அனுப்பும் முன் "அக்கா, தப்பு ஏதாச்சும் இருக்கா பாரு" என்று என்னிடம்தான் காட்டினாய். இருந்தது.