ஞாயிறு, நாலரை முதல் ஆறு வரை

9-6-78, வெள்ளி

வெயில் தணியவில்லை. கத்திரி முடிந்த செய்தி கும்மிடிப்பூண்டிக்கு மட்டும் வந்து சேரவில்லை போலும். காலையில் பல்வலி. கிராம்பு.

செய்ய வேண்டியவை: நோட்டீஸ் வாசகம். பெஞ்சு இரவல். பூக்காரியிடம் மாலைக்குச் சொல்வது (சம்பங்கி போதும், ரோஜா வேண்டாம்). கறுப்புச் சட்டைக்கு மேல் பொத்தான்.

வரும் 18, ஞாயிறு, மாலை நாலரை. எங்கள் பகுத்தறிவு மன்றத்தின் முதல் திருமணம். சேகர் – தேசம்மா வாழ்க்கைத் துணை ஒப்பந்தம். ஐயர் இல்லை, அக்னி இல்லை, தாலி இல்லை. மாலையும் உறுதிமொழியும். நடத்தி வைப்பவன் நான். சேகர் கம்பி கம்பெனியில் ஷிப்டு வேலை. திருவாலங்காட்டுப் பக்கம் நிலம் வைத்த குடும்பம், அங்கிருந்து யாரும் வரமாட்டார்கள். தேசம்மா பழவேற்காட்டுப் பெண். இங்கே ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கிறாள்.

இது நடந்தால் மன்றம் நிற்கும். நடக்காவிட்டால் துரைசாமியின் தையல் கடைப் பின்னறையில் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான்.

திருவள்ளூர் மன்றத்தார் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கை வாங்கி ஒரு வக்கீலிடம் கொடுத்தார்கள். "கேங்மேனுக்கு இன்னா இம்மாம் நேரம்" என்று பின்னால் ஒருவன், என் ரயில்வே வேலையைக் குத்தி. அன்று முடிவு செய்தேன். இவர்கள் தயவு வேண்டாம். நம் ஊரில் நாமே.

நான் போட்ட விதி ஒன்றே ஒன்று. மன்றத்தில் எது நடந்தாலும் ராகுகாலத்தில் (ரா.கா.) நடக்கும். ஊர் எதற்குப் பயப்படுகிறதோ அதில். தினம் காலண்டர் தாளைப் பார்த்து அன்றைய ரா.கா.வை நானே பலகையில் சாக்பீஸால் எழுதுகிறேன்.

11-6, ஞாயிறு

கூட்டம். வந்தவர்கள்: நான், துரைசாமி, சேகர், பெட்டிக்கடை நாராயணன். நாராயணன் பாதியில் எழுந்து போனார். கடையில் ஆள் இல்லையாம்.

ஆள் சேரவில்லை என்ற பேச்சு மறுபடியும். சேகர் சொல்கிறான்: "புதன்கெழம உச்சி வெயில்ல, வெள்ளிக்கெழம வேல நேரத்துல கூட்டம் வெச்சா எவன் நைனா வருவான்? ஷிப்டு வுட்டு வரதுக்குள்ள உங்க ராகு போய்ட்றாரு."

துரைசாமி தையல் மிஷினை நிறுத்திவிட்டு: "ஊர்ல பாதிப் பேருக்கு இன்னிக்கி ராகுகாலம் எப்பன்னு தெரியாது. நம்ம மன்றத்துக்காரன் தூக்கத்துல கேட்டாலும் சொல்வான்."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கொள்கையைக் கிண்டல் செய்தால் கட்டுப்பாடு போய்விடும்.

முடியும் நேரத்தில் தேசம்மாவின் தாய் பொன்னியம்மா வந்தாள். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

"ஐயரு வாணான்னீங்க. சரின்னேன். தாலி வாணான்னீங்க. ராவெல்லாம் அழுதுட்டு அதுக்கும் சரின்னேன். அந்த நேரத்துல மட்டும் வாணாம் நைனா. ஆறு மணி தாண்டி வெச்சிக்கோங்க."

நேரத்தில் நல்லது கெட்டது இல்லை என்று விளக்கினேன். ராகு என்று ஒரு கிரகமே வானத்தில் கிடையாது என்றேன்.

"இருக்குதோ இல்லியோ எனுக்குத் தெரியாது. நாளைக்கி இந்தப் பையனுக்குக் கம்பெனில ஒரு வெரலு போச்சுன்னு வெய்யி. ராகுவயா ஏசுவாங்க? உன்னியா ஏசுவாங்க? எம் பொண்ணத்தான் மூதேவிம்பாங்க. எங்க குப்பத்துல உக்காந்துகினு நாந்தான் கேக்கணும்."

விதி விதிதான் என்றேன். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மீன் வாடை மட்டும் கொஞ்ச நேரம்.

சரியாகத்தான் சொன்னேன்.

12-6, திங்கள்

தூக்கம் சரியில்லை. பல்லா, வேறா, தெரியவில்லை. நாஷ்டா வேண்டாம் என்றேன். மனைவி ராஜம்மா ஒன்றும் கேட்காமல் தட்டை மூடி வைத்தாள். கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். கேட்காததும் எரிச்சல்.

ஸ்டேஷன் வரை நடை. திரும்பி வந்தேன். மறுபடி நடை.

சைக்கிள் ஸ்டாண்டில் சேகர். முகம் பார்த்துப் பேசவில்லை. "அத்தை பேஜாரு பண்றாங்க. ஆறுக்கு மேல வெக்கலன்னா அவங்க ஊரு அம்மன் கோயில்லயே வெச்சிக்கலாம்ன்றாங்க."

"நீ என்ன சொன்னாய்?"

"இன்னா சொல்றது? பொண்ணப் பெத்தவங்க."

கோயில். நான் சேர்த்த ஆள், நான் புத்தகம் கொடுத்துப் படிக்க வைத்த ஆள், கோயிலில் மாலை மாற்றுவான். திருவள்ளூர்க்காரர்களுக்கு எட்டினால் ஒரு மாதம் சிரிக்கப் போதும்.

14-6, புதன்

தேசம்மா தனியாக வீட்டுக்கே வந்தாள். ஐஸ் கம்பெனியிலிருந்து நேராக. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. ராஜம்மா டீ கொடுத்தாள்.

நான் முந்திக்கொண்டேன். "உன் அம்மா பயப்படுகிறாள். நீயுமா?"

"எனுக்கு பயம்லாம் இல்ல நைனா. கோயில்ல பண்ணிக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்ட்டேன்."

நிம்மதி. அதை வெளியே காட்டவில்லை.

"ஆனா நாலரன்னு நீங்க சொல்றதும் வாணாம். ஆறு தாண்டின்னு அம்மா சொல்றதும் வாணாம். ரெண்டு பேரும் ஒரே காலண்டரத் தான் பாத்துக்கினு கீறீங்க. எங்க சனம் பழவேற்காட்ல பஸ் ஏறி, பொன்னேரில மாறி வரணும். எப்ப வந்து எறங்குதோ அப்ப மாத்திக்கறோம். நோட்டீஸ்ல நேரமே போடாதீங்க."

நேரம் போடாத நோட்டீஸ் உலகத்தில் உண்டா என்றேன். எதிர்க்க வேண்டியதை நேருக்கு நேர் எதிர்க்காவிட்டால் மன்றம் எதற்கு என்றேன். இன்னும் நிறைய. குரல் ஏறிவிட்டது.

டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். "எங்க கல்யாணம் நைனா," என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

ராஜம்மா வாசல் வரை போய் வழியனுப்பினாள்.

16-6, வெள்ளி

அச்சகம் போனேன். நோட்டீஸ் தயார். "18-6-78 ஞாயிறு மாலை" என்று மட்டும் இருக்கிறது. நாலரை இல்லை. துரைசாமி வந்து எடுக்கச் சொன்னானாம். என் பெயர் மட்டும் பெரிய எழுத்தில். சமாதானமாம்.

துரைசாமியிடம் பேசவில்லை. அவன் கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். வெயிலில் செருப்பு வார் அறுந்தது.

ஞாயிறு போவதில்லை என்று முடிவு.

17-6, சனி

பொத்தான் தைத்தாயிற்று. போனால் நாலரைக்குப் போவேன். விதியை நான் மீறியதாக இருக்கக் கூடாது. அவர்கள் என்ன செய்தாலும்.

18-6, ஞாயிறு

நாலரைக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். பெஞ்சு, சம்பங்கி மாலை, எல்லாம் இருக்கிறது. ஆள் இல்லை. பழவேற்காட்டு சனம் வரவில்லை. பொன்னேரியில் பஸ் மாறுவதில் தாமதமாம்.

ஐந்து. ஐந்தரை. கம்பெனி ஆட்கள் இரண்டு மூன்று பேராக வந்தார்கள், ஷிப்டு விட்டு, எண்ணெய்க் கறையோடு. நான் எத்தனை முறை கூப்பிட்டும் வராதவர்கள். பெஞ்சு நிறைந்து சுவரோரம் நின்றார்கள்.

மணி பார்த்தவர்கள் இரண்டே பேர். நான் என் கைக்கடிகாரத்தை. பொன்னியம்மா துரைசாமியின் சுவர்க் கடிகாரத்தை.

ஒரு வழியாகப் பஸ் சனம் வந்து இறங்கியது. கிழவிகள், குழந்தைகள், பனையோலைப் பெட்டிகள். என் கடிகாரத்தில் ஆறாகவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், "தொடங்கலாம்," என்றேன்.

பொன்னியம்மா வாசலிலேயே மறித்தாள். "சனம் தண்ணி குடிக்கட்டும்."

"அப்புறம் குடிக்கலாம்."

"மணி ஆறு தாண்டிடுச்சே, இன்னா அவசரம்? அதோ பாரு."

அந்தக் கடிகாரம் வேகமாக ஓடும் என்றேன். ரயில்வேயில் முப்பது வருஷம் நேரம் பார்த்தவன் நான் என்றேன்.

"ரயிலு என்னிக்கி நேரத்துக்கு வந்துது?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் கையை நீட்டி என் கடிகாரத்தைக் காட்டினேன். அவள் விரலை நீட்டிச் சுவரைக் காட்டினாள். இப்படியே இருவரும்.

உள்ளே கைதட்டல்.

திரும்பினேன். மாலை மாறியாயிற்று. உறுதிமொழியைத் தேசம்மாவே சொல்ல, சேகர் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எழுதிக் கொடுத்ததில் பாதிதான். மீதி அவளாகச் சேர்த்தது. துரைசாமி டேப்பைக் கழுத்தில் போட்டபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான். நடத்தி வைப்பவன் வாசலில். தலைமை உரை பேச இடமே கொடுக்கவில்லை. லட்டு வந்துவிட்டது.

புறப்படும்போது பொன்னியம்மாவின் அண்ணன், குப்பத்துப் பெரிய மனுஷன், என் எதிரே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அந்தக் கிழவிகள் எல்லாம்.

"நைனா, நீ கடியாரம் கட்டினவரு. பொய் சொல்லமாட்டன்னு எந் தங்கச்சி சொல்றா. மால மாத்தறப்ப மணி இன்னா? ஊருக்குப் போனா கேப்பாங்கோ."

கைதட்டல் கேட்டபோது என் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாக நன்றாகவே நேரம் இருந்தது. ரா.கா.வில்தான். இத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். எத்தனை வருஷம் காத்திருந்தேன். நாக்கு நுனி வரை வந்தது.

பொன்னியம்மா லட்டுத் தட்டோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

"பேச்சுல இருந்தேன்," என்றேன். "மணி பாக்கல."