மூன்று வருடக் கட்டு

இன்று காலை ஆபீஸ் பின்புறம் கிணற்றடியில் பழைய ஃபைல் கட்டுகளை எரித்தோம். வீட்டுக்கு வந்து குளித்தாகிவிட்டது, சட்டையையும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் அந்தக் காகிதக் கரி வாடை போகவில்லை. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. உன் நாற்காலியில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறவன் நான்தான் என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஃபைலை முடிக்கிற குமாஸ்தா மேலட்டையில் ஒரு குறி போடவேண்டும். என்றைக்கும் இருக்கவேண்டியதா, மூன்று வருடத்தில் எரிக்கலாமா என்பதை அந்த ஒரு குறிதான் சொல்லும். ரெக்கார்டு ரூமில் நீ அதைப் பார்த்துக் கட்டு பிரித்து அலமாரியில் ஏற்றுவாய்.

அது ஒரு ஆனி மாதத்துச் சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவிக்குப் போக வாசலில் குதிரை வண்டி நின்றது. எண்ணெய்க் குப்பியும் துண்டுமாக நீ வண்டியில் இருந்து கத்தினாய்: "ஏலே, வாரியா இல்லியா? தண்ணி நின்னுரப் போவுது!" என் மேஜையில் பன்னிரண்டு ஃபைல். பன்னிரண்டுக்கும் மூன்று வருடக் குறியை மளமளவென்று போட்டுவிட்டு ஓடி வந்தேன். அதில் ஒன்று குத்துக்கல்வலசை கிராமத்து அம்மா ஒருத்தியின் வீட்டுமனை ஃபைல், நிரந்தரமாக இருக்கவேண்டியது. குறி போடும்போதே தெரியும். திங்கட்கிழமை திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை நீ அவற்றைக் கட்டி மேலே ஏற்றியிருந்தாய். ஏணி வைத்து இறக்கச் சொல்ல எனக்குச் சோம்பலாக இருந்தது. இவ்வளவுதான் நான் செய்தது. எழுதிப் பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கிறது.

மூன்று வருடம் கழித்து அந்தக் கட்டு கிணற்றடிக்கு வந்தது. மற்றவர்கள் முடித்த கட்டுகளை எல்லாம் பிரித்து, குறி சரிதானா என்று ஒவ்வொரு ஃபைலாகப் புரட்டினாய். என் கட்டு வந்ததும், "இது நீ முடிச்சதுலா? பிரிச்சுப் பாக்காண்டாம்" என்று சிரித்தாய். மேலட்டைகளைப் பார்த்து எரிக்கிற பட்டியலை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அந்தக் குறியைத் திருத்தினேனா இல்லையா? திருத்தியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேசாமல் நின்றேன். தீ பிடித்துக்கொண்டது.

அந்த வருடம் மழைக்கு முன்பே அந்த அம்மா வந்தாள். பக்கத்து நிலக்காரர் அவள் மனையைத் தன்னுடையது என்கிறார், பழைய ஃபைலைக் காட்டினால் போதும் என்றாள். நீ மூன்று நாள் தேடினாய். கடைசியில் நீ எழுதிய பட்டியலிலேயே அந்த நம்பர் இருந்தது. நீ நிலக்காரரிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டாய் என்று ஊரெல்லாம் பேச்சு.

விசாரணையில் நீ சொன்னது ஒன்றுதான்: "அட்டையில இருந்ததத்தான் எழுதுனேன் சார்." அட்டை சாம்பலாகிவிட்டது. அதிகாரி என்னைப் பார்த்தார். "என்ன குறி போட்டீர்?"

"நிரந்தரம்னுதான் போட்டேன் சார்."

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். அவ்வளவுதான். நீ கோபப்பட்டிருந்தால், அங்கேயே சட்டையைப் பிடித்திருந்தால், நான் உண்மையைக் கக்கியிருப்பேன். இதையும் உன் மேலேயே போடுகிறேன் பார், எப்பேர்ப்பட்ட ஆள் நான்!

உனக்கு வேலை போனது. அந்த அம்மாவுக்கு வீடு போனது. பாவூர்சத்திரம் சந்தையில் லாரிகளுக்குச் சீட்டு எழுதப் போனாய். ஒருநாள் அங்கே பஸ் நிறுத்தத்தில் எதிரெதிரே வந்துவிட்டோம். ஒதுங்கப் பார்த்தேன். நீ விடவில்லை. "குத்தாலத்துல தண்ணி விழுதாலே?" என்றாய். விழுகிறது என்றேன். "நல்லா குளி" என்று சொல்லிவிட்டு மூட்டைகளுக்கு நடுவே போய்விட்டாய். அதற்கப்புறம் நான் அருவிப் பக்கம் போகவில்லை.

போன மாதம் உன் மகள் வந்தாள். கைக்குழந்தையோடு நின்றுகொண்டே கேட்டாள். "மாமா, எங்கப்பா யார்ட்டயாவது கை நீட்டுனாவளா? எங்க மாமியார் வீட்டுல இன்னும் சொல்லிக் காட்டுதாவ."

"சேச்சே, உங்கப்பா அப்படிப்பட்ட ஆள் இல்லம்மா."

"அப்ப அந்த ஃபைலு எப்படிப் போச்சு?"

"பழைய கதை தாயி, யாருக்கு ஞாபகம் இருக்கு?"

காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. வாசலில் ஆள் அரவம் கேட்டாலே அவளோ என்று எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். சொன்னால் என் வேலை போகும், உன் பேர் திரும்பி வரும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மடலை முடித்து உறையில் போட்டு ஒட்டி, மேலே உன் மகளின் முகவரியை எழுதிவிட்டேன். இதற்கு முன் மூன்று தடவை முகவரி எழுதுவது வரைக்கும் வந்திருக்கிறேன்; தபாலில் போட்டதில்லை.