ஏழாம் நம்பர் மலையின் கூடைக்காரி

அண்ணே,

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுப் பட்டப்பகலில், அட்டன் பஸ் நிலையத்தில் நின்றிருந்த பஸ்ஸுக்குள், நாற்பத்தைந்து வயதும் மூன்று பிள்ளைகளும் முன்வழுக்கையும் உள்ள நான் "ஐயோ அம்மா!" என்று அலறினேன். என் தோளில் கை வைத்தது வேறு யாரும் இல்லை, கொண்டக்டர்தான். "மாத்தயா, டிக்கட்" என்றுதான் அந்த மனுஷன் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து, என்னைக் கேட்காமலே என் நெற்றியில் பூசிவிட்டாள். பூண்டுலோயா வரும்வரை ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தை நான் இந்தப் பக்கம் கொண்டுவரவில்லை.

குற்றம் கடலைக்காரனுடையது. அவன் கடலை சுற்றித் தந்த தாள் ஏதோ ஒரு பேய்க்கதைப் புத்தகத்தின் பக்கம். நமத்துப்போன பழந்தாளின் வாசனையும் வறுத்த கடலையின் வாசனையும் கலந்து வந்ததும் பிரித்து வாசித்தேன். பின்னால் யாரோ மூச்சு விடுகிற ஓசை கேட்டு அதில் ஒருத்தி திரும்புகிறாள். திரும்பினால் அங்கே... அத்தோடு பக்கம் முடிந்துவிட்டது. மீதிக் கதை வேறு எவனோ வாங்கிய கடலையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கொண்டக்டர் கை வைத்தான்.

வெளியே மூடுபனி எதிர்க்கடைப் பலகையைத் தின்றுகொண்டிருந்தது. ஐப்பசி பிறந்து பத்து நாள் இருக்கும். நீங்கள் ஆடியில் கண்ணை மூடினீர்கள். நீங்கள் இல்லாமல் வருகிற முதல் பேய்க்கதைக் காலம் இது என்று அப்போதுதான் உறைத்தது.

பேய்க்கதைக்கு ஒரு காலம் உண்டு என்று கண்டுபிடித்தவர் நீங்கள்தானே. இல்லை, கண்டுபிடித்தது நம் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசாணி. நீங்கள் அதை நம்மவர்களுக்குச் சொந்தமாக்கினீர்கள். ஐப்பசி வந்தால் துரைசாணி கணப்படுப்புப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேய்க்கதையாக வாசித்துத் தள்ளுகிறாள் என்று பங்களாச் சமையல்காரர் உங்களிடம் வந்து சொன்னார். அன்றே என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அவங்க ஊருல இந்த மாசத்துல எல எல்லாம் தானா உதுந்துருமாம்டா. மரமெல்லாம் மொட்டையா நிக்குமாம். அதப் பாத்து மனசு ஒரு மாதிரியாகி பேய்க்கத படிப்பாங்களாம்."

"நம்ம ஊருல எல உதுராதேண்ணே?"

"எங்கடா உதுர விடுறோம்? அதுக்கு முந்தியே பறிச்சிர்றமே!"

அன்றிலிருந்து ஐப்பசியும் கார்த்திகையும் நம் தோட்டத்தில் பேய்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. சித்திரையில் யாராவது பேய்க்கதை கேட்டால், "வெயிலுக்குப் பேய் வேர்க்கும், வராது. போயி வேலயப் பாருங்க" என்று துரத்திவிடுவீர்கள்.

மதராசிலிருந்து அட்டன் கடைக்கு வரும் பேய் நாவல்கள் நாலு தோட்டம் சுற்றித்தான் நம் கைக்கு வரும். வரும்போது அட்டை இருக்காது, முதல் அத்தியாயம் இருக்காது, சிலதில் கடைசியும் இருக்காது. "தலையில்லா முண்டம். பேய்க்கதைக்கு அதுதான்டா லட்சணம்" என்பீர்கள்.

உங்களுக்குத் தொழிற்சாலை மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. எனக்குக் கீழே தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை. மழைக்காலத்தில் ஈரக் கொழுந்து வாட நேரமெடுக்கும். அதைப் பரப்பிவிட்டு இரண்டு மணிவாக்கில் இறங்கி வருவீர்கள். கீழ்க்கூடத்தில் முப்பது பெண்கள் குவித்து வைத்த தேயிலையைச் சுற்றி உட்கார்ந்து குச்சி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். மலையில் கொழுந்து குறைந்த நாட்களில் அவர்களை அங்கேதான் இறக்கிவிடுவார்கள். ஒரு வெறும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "டேய், சுத்தியல நிப்பாட்டு. பேய் பயந்து ஓடிரும்" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறப்பீர்கள்.

தொழிற்சாலைக்குப் பொறுப்பான யாழ்ப்பாணத்து டீமேக்கர் ஐயா ஒருநாள் கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாசிக்கட்டும், வாசிக்கட்டும். அந்த நேரமாவது பொம்பிளையள் வாய் மூடிக்கொண்டு வேலை செய்யினம்." சொல்லிவிட்டுப் போனவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதை நான் பார்த்தேன். உங்களிடம் சொன்னால் தலைக்கனம் ஏறும் என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அண்ணே, நான் எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டிருக்கிறேன். உங்கள் குரலுக்கு அந்தக் கூடம் கட்டுப்பட்டது போல எதுவும் எதற்கும் கட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் ஒருபோதும் சத்தமாக வாசித்ததில்லை. மேலே காற்றாடி இரைச்சலும் தகரத்தில் மழையும் இருக்கும். அதற்கடியில் உங்கள் குரல் தண்ணீர் போல ஊர்ந்து வரும். பெண்களின் விரல்கள் தானாகப் பொறுக்கிக்கொண்டிருக்கும், கண்கள் எதையும் பார்க்காது. பயங்கரமான கட்டத்தில் முப்பது பேரின் விரல்களும் ஒரே நொடியில் நிற்கும்.

ஒரு வருடம் கிடைத்த புத்தகத்தில், நீரில் மூழ்கிச் செத்த ஜமீன்தார் மகள் ஒருத்தி வீணையோடு அலைவாள். வீணையை யார் கண்டது? வாசிக்கும்போதே நீங்கள் ஜமீனைப் பங்களாவாக்கினீர்கள், கிணற்றை மலையிலிருந்து விழும் பீலித் தண்ணியாக்கினீர்கள், வீணையைக் கொழுந்துக் கூடையாக்கினீர்கள். பனி இறங்கும் நேரம், கொழுந்தெடுக்கும் பெண்ணின் பின்னால் வந்து நின்று தோளைத் தொட்டு அவள் கேட்பாள்: "ஒங்க கூடையில கொஞ்சம் எடம் இருக்குமா? என்னுது நெறஞ்சு போச்சு."

எதனால் நிறைந்தது? அதை மட்டும் நீங்கள் சொல்லவே இல்லை. "பொறுங்க, பொறுங்க" என்று பத்து நாள் இழுத்தீர்கள். அந்தப் பத்து நாளும் நான் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் ஆணி அடித்தேன்.

வாயாடி பாக்கியக்கா ஒருநாள் கேட்டுவிட்டாள்: "எல்லாம் சரி, அவ எந்த மலையில நிக்கிறா?"

நீங்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, யோசிக்காமல், "ஏழாம் நம்பரு" என்றீர்கள்.

அண்ணே, அந்த ஒரு சொல்!

அடுத்த திங்கட்கிழமை காலைப் பெரட்டில் எல்லாரையும் கூட்டி வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, ஏழாம் நம்பர் மலைக்கு என்று பெயர் கூப்பிடப்பட்ட ஒருத்தியும் நகரவில்லை. "அங்க கூடைக்காரி நிக்கிறா, நாங்க போவ மாட்டோம்" என்றார்கள். கங்காணி கத்திப் பார்த்தார், கும்பிட்டுப் பார்த்தார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதே கதை. என் வீட்டுக்காரியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். வீட்டில் கேட்டபோது, "நீங்க வேணும்னா போயிப் பாத்துட்டு வாங்க" என்றாள். நான் ஏன் போகிறேன்?

வியாழக்கிழமை மத்தியானம் மலை வேலைக்குப் பொறுப்பான கணக்கப்பிள்ளை தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். தொப்பியிலிருந்து மழை சொட்டியது.

"பேய வளத்தவன் நீதானே? அங்க கொழுந்து முத்திப் போயிக் கெடக்கு. தொர என் கழுத்தப் புடிக்கிறாரு. நாளைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள ஏழாம் நம்பருல ஆளு எறங்கல, ஒனக்குப் பத்துச்சீட்டு. லயத்து வீட்டையும் காலி பண்ணிக்க."

பத்துச்சீட்டு வாங்கி விலக்கப்பட்டவனை அடுத்த தோட்டம் சுலபத்தில் சேர்க்காது. அண்ணிக்கு அப்போது ஏழு மாதம். மூத்தது இரண்டும் லயத்து வரிசை வீட்டு வாசலில் சேறு மிதித்து விளையாடிக்கொண்டிருந்தன. நீங்கள் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"மத்தவங்களப் பயமுறுத்தத் தெரிஞ்ச எனக்கு, குடுத்த பயத்தத் திருப்பி வாங்கத் தெரியலையேடா."

சாயங்காலம் இரண்டு பேரும் லயம் லயமாகப் போனோம். "அது பொய்யிங்க, புத்தகத்துல உள்ளதுங்க, அதுலயும் ஏழாம் நம்பரு நானா சொன்னதுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டீர்கள். பாக்கியக்கா உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாவம், இவரையும் புடிச்சிருச்சு. அவதான் இப்பிடிச் சொல்ல வைக்கிறா."

திரும்பி வரும்போது சட்டென்று நின்றீர்கள். "கத முடியலடா. அதான் அவ போவல. முடிச்சு வச்சாத்தான் போவா."

"முடிங்கண்ணே!"

"கடைசிப் பக்கமெல்லாம் இல்லடா புத்தகத்துல."

மறுநாள் காலை நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டேன். அண்ணே, இந்த ஒருமுறை கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

கதையின் முடிவை மலையிலேயே வாசிப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். பனி அப்படி இறங்கியிருந்தது. எனக்கு முன்னால் போன உங்கள் முதுகு தெரியவில்லை, இருமல்தான் தெரிந்தது. ஏழாம் நம்பர் அடிவாரத்தில் பெண்கள் கூடையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாறை மேல் ஏறிப் புத்தகத்தைத் திறந்தீர்கள். பக்கத்தில் நின்ற எனக்கு, நீங்கள் திறந்த பக்கம் தெரிந்தது. அது ஒரு குளியல் சவர்க்கார விளம்பரம்.

அந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் வாசிக்கத் தொடங்கினீர்கள்.

கூடைக்காரி இந்த மலையில் கொழுந்தெடுத்தவள். ஒருநாள் கூடை நிறைய எடுத்துவிட்டு, நிறுக்கப் போகிற வழியில் விழுந்து செத்துப்போனாள். உடம்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடையை யாரும் பார்க்கவில்லை. அவள் அன்றைக்கு எடுத்த கொழுந்தை யாரும் நிறுக்கவில்லை. "அவ கூடையில இருக்கிறது வேற ஒண்ணும் இல்ல. அன்னைக்கு எடுத்த கொழுந்துதான். இன்னும் வாடல. ஒங்க கூடையில எடம் கேட்டது ஒங்கள வதைக்க இல்ல. ஒங்களோட சேத்து அதையும் நிறுத்துக் குடுப்பீங்களான்னுதான் கேட்டா."

அவ்வளவுதான். புத்தகத்தை மூடினீர்கள்.

பனி எங்களுக்கு நடுவில் நின்றது. நான் அதுவரை வாழ்ந்ததிலும் அதற்குப் பின் வாழ்ந்ததிலும் அப்படியொரு மௌனத்தைக் கேட்டதில்லை. பயம் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் அதன் முன்னால் சின்னப்பிள்ளை விளையாட்டு. கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பாக்கியக்கா எழுந்தாள். பக்கத்துச் செடியில் இரண்டு கையாலும் ஒரு பிடி கொழுந்து பறித்து, பாறையில், உங்கள் காலடியில் வைத்தாள்.

"கொண்டா தாயி. நாங்க நிறுத்துக் குடுக்கிறோம்."

ஒவ்வொருத்தியாக வந்து ஒரு பிடி வைத்தார்கள். என் வீட்டுக்காரியும் வைத்தாள்; அவள் கன்னம் நனைந்திருந்தது பனியாலா என்று நான் கேட்கவில்லை. பிறகு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகச் செடிகளுக்குள் ஏறிப்போனார்கள். முப்பது பேரையும் பனி மூடியது. உள்ளேயிருந்து கொழுந்து கிள்ளுகிற சத்தம் மட்டும் வந்தது.

பாறையை விட்டு இறங்கினீர்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் அலறவில்லை என்பதைக் கவனிக்கவும்.

"யாருடா அத எனக்குச் சொன்னது?" என்று கேட்டீர்கள். "வாய்தான் என்னோடது."

பத்துச்சீட்டு வரவில்லை. உங்கள் மூன்றாவது பிள்ளை அதே லயத்து வீட்டில்தான் பிறந்தது. பின்னாளில் நான் பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதுகிறேன் பேர்வழி என்று கிளம்பியபோது, "சிரிக்க வைக்கிறது பெரிசில்லடா, சிரிச்சிட்டு இருக்கவன சட்டுனு வாய மூட வைக்கணும்" என்றீர்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைகூட என்னால் அது முடியவில்லை. நான் இன்னும் சுமந்துகொண்டிருப்பது அந்த மௌனத்தைத்தான், அண்ணே. ஒரு புத்தகம், அதுவும் இல்லாத பக்கத்திலிருந்து, ஒரு மலையையே ஆட்களிடம் திருப்பிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தவன். ஐப்பசிதோறும் ஒரு பேய்க்கதையை எடுத்து நடுங்கிக்கொண்டு வாசிப்பது அதனால்தான்.

இவ்வளவும் எழுதி என் வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒரு பிடி கொழுந்து வச்சது நெசம், அது கூடைக்காரிக்குத்தான்" என்றாள். பிறகு, "பாலத்தப் பத்தி எழுதலியே?" என்றாள்.

"எந்தப் பாலம்?"

"ஏழாம் நம்பருக்குப் போற வழியில, ஓடைக்கு மேல. மூணு மாசமா பலக ஒளுத்துப்போயிக் கெடந்துச்சு. ரெண்டு பேரு விழுந்தும் ஒருத்தரும் கேக்கல. பேயின்னு நாலு நாளு எறங்காம நின்னு, பலகையையும் மாத்தணும்னு சொன்னதும், தோட்டத்துல ஓடியாந்து புதுப் பலக போட்டாங்க. நீங்களும் அன்னைக்கு அதுமேலதான் நடந்து வந்தீங்க."

"எப்பப் போட்டாங்க?"

"அதுக்கு மொத நாளு, வியாழக்கெழம சாயங்காலம். நீங்க ரெண்டு பேரும் லயம் லயமாக் கும்பிட்டுத் திரியும்போதே வெள்ளிக்கெழம எறங்குறதுன்னு நாங்க பேசி முடிச்சிட்டோம்."