வெட்டப்பட்ட வாக்குமூலமும் என்னிடம் கேட்கும் மன்னிப்புக் கடிதமும்

அனுப்புநர்:
முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு மாணவி,
(நூலகத்தில் நுழையத் தடை விதிக்கப்பட்டவர்).

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.

பொருள்: நூலகப் புத்தகத்தின் பக்கங்களை வெட்டியதாக என்மேல் சுமத்திய பழியை நீக்கி, தேர்வு நுழைவுச் சீட்டு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் வேலைப்பளு அறிந்தே எழுதுகிறேன். அருவருப்பை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை; பொறுத்தருள வேண்டும்.

1. எங்களுக்கு 'ஐரோப்பிய வரலாறு: ஆய்வு முறைகள்' என்றொரு பாடம் உண்டு. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஆவணங்களைத் தேடவும் சந்தேகிக்கவும் சொல்லித்தரும் பாடம். ஆவணத்தைத் தொடுமுன் கை கழுவ வேண்டும் என்பது முதல் வகுப்பு. அதைப் பேராசிரியர் எச்சில் விரலால் பக்கம் புரட்டியபடியே நடத்தினார்.

2. சூனியக்காரிகள் என்று பிடிக்கப்பட்ட பெண்களின் விசாரணை வாக்குமூலத் தொகுப்பு நூலகத்தில் ஒரே பிரதிதான். கட்டுரைக்காக அதை எடுத்தேன். ஒரு மருத்துவச்சியின் வாக்குமூலம் பாதியில் நின்றது. மிச்சப் பக்கங்களைப் பிளேடால் வெட்டியெடுத்திருந்தார்கள். பதறிப்போய் படம் எடுத்து, நானே நூலகரிடம் காட்டினேன். காட்டியவளே வெட்டியவள் ஆனேன். என் புகைப்படத்துடன் துறைப் பலகையில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்.

3. மன்னிப்புக் கடிதம் தந்தால்தான் நுழைவுச் சீட்டு என்கிறார் பேராசிரியர். "ஒத்துக்கிட்டா விஷயம் இதோட முடிஞ்சுடும்மா" என்றார். மிரட்டி வாங்கிய வாக்குமூலம் சான்றாகாது என்று அதே வாயால் ஒரு மாதம் பாடம் நடத்தியவர். வீட்டில் அண்ணனும், "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சுட்டு பரீட்சையை எழுது" என்கிறார். அண்ணி என் பக்கம் சாப்பாட்டை நகர்த்திவைத்தார்.

4. பேராசிரியரின் 'ஆய்வு வழிகாட்டி' நோட்ஸ் வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் விற்கிறது. வாங்காதவருக்கு அக மதிப்பெண் எட்டாக்கனி. சென்ற வாரம் அதை வாங்கப் போனபோது, கடைக்காரர் அதன் மூலப் பிரதியைக் கண்ணாடிமேல் விரித்திருந்தார். அதில் மருத்துவச்சியின் மிச்ச வாக்குமூலம் ஒட்டப்பட்டிருந்தது. நகல் அல்ல, வெட்டிய பக்கங்களே. எங்கள் நூலகத்தில் முத்திரையை எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவே, பாதி இங்கும் பாதி அங்கும் விழும்படி குத்துவது வழக்கம். இடப்பாதி நூலகப் புத்தகத்தில் இருக்கிறது. வலப்பாதி பேராசிரியரின் நோட்ஸில் இருக்கிறது. இரண்டின் படங்களையும் இணைத்துள்ளேன். சேர்த்து வைத்தால் முழு வட்டமாகும். ஓர் ஆவணம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அந்த நன்றியையும் இங்கே பதிவு செய்கிறேன்.

5. அந்தப் பக்கங்களைக் கடையில் நின்றபடியே படித்தேன். அண்டை வீட்டுப் பாலைத் திரியவைத்தாள் என்பது மருத்துவச்சியின்மேல் குற்றச்சாட்டு. ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறாள். எழுதத் தெரியாததால் கீழே ஒரு கீறல் போடுகிறாள். அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆகவே, எனக்கு நுழைவுச் சீட்டு வழங்கவும், பலகையில் உள்ள என் படத்தை அகற்றவும், வெட்டிய பக்கங்களைப் பறிமுதல் செய்து புத்தகத்தில் சேர்க்கவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். திங்களன்று தேர்வு தொடங்குகிறது. அதை எழுத முடியாமல் போனால் எனக்கு ஓராண்டு வீணாகும். அதற்கும் துணிந்துவிட்டேன்.

மன்னிப்புக் கடிதத்தைப் பேராசிரியரே தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த இடம் காலியாக இருக்கும் நிலையிலேயே அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இடம்: நூலக வாசல், வெளிப்படி
நாள்: மார்ச் 4

இப்படிக்கு,
(கையொப்பம், இந்த மனுவில் மட்டும்)