வாயில் காயமில்லாத பாறை மீன்

முப்பிடாதி அப்பாவுக்கு,

சோறும் குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன. நீங்கள் தூண்டில் போட்டுப் பிடித்ததாகச் சொன்ன பாறை மீன்தான். அரிவாள்மனையில் வைத்ததும் பார்த்தேன். வாயில் முள் குத்திய காயமே இல்லை. செவுளைச் சுற்றி வலை அறுத்த தடம். தூத்துக்குடிக் கருவாட்டுக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தவளிடமா இந்தச் சரக்கை விற்கிறீர்கள்?

"எங்க வீட்டுக்காரக கடக்கரையில நின்னே இழுத்துருவாக" என்று நான் பீற்றியதை நம்பி, தன் மகன் காதுகுத்துக்கு மாப்பிள்ளை பிடித்த மீன்தான் விருந்து என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். ஆட்டை அறுக்கச் சொல்ல நான்தான் இப்போது கடையத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தலைகுனிய வேண்டும்.

ஒரே ஒரு பொடிக் கிழங்கான் மீனைக் கொண்டுவந்து, "இம்புட்டுத்தான் ஏட்டி கெடச்சுது" என்றிருந்தால் முள்ளோடு தின்றிருப்பேனே!

உங்களிடம் தூண்டில் பழக வரும் பிச்சையா அண்ணாச்சியிடம் உண்மையை நீங்களே சொல்லுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுச் சங்கரம்மாளிடம் கொடுங்கள்.

உலகம்மாள்

கிளம்பும்போது உங்கள் தூண்டிலை எடுத்துப் பார்த்தேன். முள்ளெல்லாம் கடல் தண்ணீர் பட்ட உப்புத் துரு. கரையில் நின்றதாவது நிஜம். கடற்கரைக்கென்று சொல்லி வேறெங்கோ போகிறீர்கள் என்று காலையில் அழுதது வீண்.

குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். சண்டை அப்படியே இருக்கிறது, வந்து வைத்துக்கொள்கிறேன்.