டீச்சரின் முன்பல்லில் தெரிந்த கறுப்புக் கோடு

அண்ணாச்சி,

இன்று காலை ஒருவருக்குக் கரண்ட் ஊசியால் ஈறைச் சீவிக்கொண்டிருந்தேன். அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். பல் செய்யும் உங்கள் லேப்பிலிருந்து கேப் பெட்டியோடு என் கிளினிக்குக்குள் நுழையும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யம்மாடி, என்ன டாக்டரம்மா, கருவாடு சுடுதீங்களா?" என்பீர்களே! நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது.

டீச்சரின் பல்லைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் முன்பல்லுக்குக் கேப் போட்டே ஆக வேண்டும் என்று நின்றார் அவர். நான் அனுப்பிய அளவைப் பார்த்துவிட்டு நீங்கள் போன் செய்தீர்கள். "பல்லோட ஓரம் தெரியல டாக்டரம்மா, ஈறு மூடிக் கெடக்கு. சீவிட்டு, புண்ணு ஆறுன பொறவு அளவெடுத்து அனுப்புங்க. என்ன அவசரம்?"

கேட்டேனா? அன்றே சீவி, அன்றே அளவெடுத்தேன். அதிலும் ஓரம் பளிச்சென்று தெரியட்டும் என்று ஊசியை ஒரே இடத்தில் கூடுதல் நேரம் வைத்துவிட்டேன். தொட்டதும் எடுத்து, சூடு தணியவிட்டு மறுபடி தொட வேண்டும். இதெல்லாம் படித்ததுதான். டீச்சருக்கு ஈறு வேறு மெலிசு.

மூன்றே மாதத்தில் ஈறு மேலேறி, கேப்பின் உலோக விளிம்பு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. வகுப்பில் சிரிப்பு வந்தால் கைக்குட்டையால் வாயை மூடிக்கொள்வதாகச் சொல்லி அழுதார். பெட்டியோடு நின்றிருந்த நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "தப்பு எங்க லேப்ல டீச்சர். கேப் ஓரம் சரியா உக்காரல. புதுசா செஞ்சு தாரேன்."

நான் வாயே திறக்கவில்லை. கிளினிக் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத பயம். அவர் போனதும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "டாக்டர் மேல நம்பிக்க போச்சுன்னா ஊரு திரும்ப வராது. லேப்காரன் மூஞ்சிய எவன் பாக்கான்? விடுங்க."

விட்டுவிட்டேன். அதுதான் வெட்கக்கேடு. நீங்கள் செய்து தந்த புதுக் கேப் கோட்டை மறைத்தது. ஏறிய ஈறு மட்டும் ஏறியதுதான். அந்தப் பல் இன்றும் கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது.

போன வாரம் டீச்சர் வேறு பல்லுக்காக வந்தார். நாற்காலியில் சாயும்போதே, "இந்தத் தடவ அந்த லேப்ல மட்டும் குடுத்துராதீங்க டாக்டர்" என்றார். இப்போது அங்கே இருப்பது உங்கள் மகள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, அண்ணாச்சி. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஈறைச் சுட்டது நான், பழியை வாங்கிக்கொண்டது நீங்கள் என்று சொன்னேன்.

என்னைத் திட்டித் தீர்ப்பார் என்று நினைத்தேன். அவரோ கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு முன்னால அந்த மனுசனக் கண்டபடி ஏசிட்டேனே டாக்டர்! நீரெல்லாம் எதுக்கு இந்தத் தொழிலுக்கு வந்தீருன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலையே!"

டீச்சரின் இந்தக் கேப் வேலை உங்கள் மகளிடம்தான் போயிருக்கிறது. டீச்சரே அங்கேயே கொடுக்கச் சொல்லிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் நடந்ததை என்னிடம் நீங்கள் சொன்னதே இல்லை. அது எந்த நாளாக இருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நீங்கள் முகம் வாடி வந்த நாள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அந்த ஏச்சை வாங்கிக்கொண்டு நேரே என் கிளினிக்குக்குத்தான் வந்திருப்பீர்கள். "சாப்பிட்டாச்சா டாக்டரம்மா?" என்று கேட்டிருப்பீர்கள். நானும் தலை நிமிராமலே, "ஆச்சு" என்று சொல்லியிருப்பேன்.